ஷார்த்ர் பேராலயத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கலாமா?

நீங்கள் கேட்டது நான்கு கேள்வி. செப்டம்பரில் ஐந்து நாள் பாரிஸில் இருக்கிறோம். பாரிஸிலிருந்து ரயிலில் போக வேண்டிய ஷார்த்ர் ஊரின் பேராலயத்துக்காக அதில் ஒரு நாளைக் கொடுப்பது தகுமா? பாரிஸிலேயே நோத்ர் தாம் பேராலயம் இருக்கும்போது இது எதற்கு? நாங்கள் இந்துக்கள், உள்ளே போகலாமா, ஏதாவது கட்டுப்பாடு உண்டா? பத்து வயதுப் பையனும் முழங்கால் வலியுள்ள அம்மாவும் கூட வருகிறார்கள், அவர்களுக்குச் சரிப்படுமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். போங்கள். முழு நாளாகப் போங்கள். இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் போக வேண்டாம், அந்த நேரத்தைப் பாரிஸிலேயே செலவிடுங்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள், காரணம் பின்னால் வருகிறது. வீட்டுக்கு ஒரு பைனாகுலராவது பையில் இருக்கட்டும். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அங்கே பார்க்க வேண்டிய பாதி விஷயம் தலைக்கு மேல் பத்து, இருபது மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். முதல் தடவை போனபோது நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். வெளியில் சுள்ளென்ற வெயில், உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. மேலே நீலமும் சிவப்புமாக ஏதோ மினுங்கியது. ஒரு சுற்று சுற்றினேன், நாலைந்து படம் எடுத்தேன், எல்லாம் கலங்கலாக வந்தன. பெரிய சர்ச்தான், சரி, என்று காபி குடிக்கப் போய்விட்டேன். இரண்டாம் தடவை போனபோது நல்ல மழை. ஒதுங்க வேறு இடமில்லாமல் உள்ளே ஒரு மூங்கில் மாதிரிப் பின்னல் போட்ட நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கண் பழகப் பழக ஒவ்வொரு சன்னலாகத் துலங்கி வந்தது. வெறும் வண்ணப் பொட்டுகளாக இருந்தவை ஆட்களாக மாறின. ஒருவன் செருப்பு தைத்துக்கொண்டிருந்தான். அன்றுதான் இந்தக் கட்டடத்துக்கு என்ன தேவை என்பது புரிந்தது: உட்கார ஓர் இடமும் கொஞ்சம் நேரமும்.

சரி, நோத்ர் தாம் போதாதா? நோத்ர் தாமையும் பாருங்கள். 2019 தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். ஆனால் ஒரு விஷயம்: அங்கே பூப்போல வட்டமாக விரியும் மூன்று பெரிய ரோஜா சன்னல்களைத் தவிர மற்ற இடைக்காலக் கண்ணாடியில் பெரும்பகுதியை 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த குருமார்களே எடுத்துவிட்டு வெள்ளைக் கண்ணாடி போட்டார்கள். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஷார்த்ரில் கிட்டத்தட்ட 2,600 சதுர மீட்டர் வண்ணக் கண்ணாடி இருக்கிறது. அதில் பெரும்பங்கு 12, 13ஆம் நூற்றாண்டுகளில் செய்தது. எண்ணூறு வருஷம் பழைய கண்ணாடி, பெரும்பாலும் அதே சன்னல்களில். உலகில் வேறெங்கும் இந்த அளவுக்கு ஒரே இடத்தில் கிடையாது என்று சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். 1979இல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கும் இந்தக் கண்ணாடி ஒரு முக்கியக் காரணம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்தைப் பார்த்து 'சார்ட்ரஸ்' என்று கேட்டால் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் விழிப்பார். 'ஷார்த்ர்', கடைசி எழுத்து தொண்டையில் பாதி கரைந்துவிடும்.

இந்தக் கட்டடத்தின் கதை ஒரு துணியில் தொடங்குகிறது. இயேசுவைப் பெற்ற வேளையில் மாதா உடுத்தியிருந்தது என்று நம்பப்படும் ஒரு துணியை 876இல் மன்னர் வழுக்கைத் தலை சார்ல்ஸ் இந்த ஊருக்குக் கொடுத்தார். அதிலிருந்து இது திருப்பயணத் தலமானது. ஊருக்கு வருமானம், சந்தை, புகழ் எல்லாம் அந்தத் துணியால் வந்தவை. 1194 ஜூனில் ஊரே தீப்பற்றி எரிந்தது. கோயிலும் போயிற்று, மேற்கு முகப்பும் அதன் கோபுரங்களும் அடியில் இருந்த நிலவறையும்தான் மிஞ்சின. துணியும் எரிந்துவிட்டது, மாதா ஊரைக் கைவிட்டுவிட்டாள் என்று மக்கள் அழுதார்கள். மூன்று நாள் கழித்து, நிலவறைக்குள் மாட்டிக்கொண்டிருந்த குருமார்கள் துணியோடு வெளியே வந்தார்கள். அந்தச் சமயத்தில் ஊரில் இருந்த பாப்பரசரின் தூதர், மாதா தனக்கு இதைவிடப் பெரிய கோயில் கேட்கிறாள் என்று பேசினார். சரியான நேரத்தில் சரியான பேச்சு. அழுத ஜனம் அப்படியே வேலையில் இறங்கியது.

நீங்கள் இன்று பார்க்கும் உடல்கட்டு முப்பது வருஷத்துக்குள் எழுந்துவிட்டது. கூரை வளைவு 37 மீட்டர் உயரம். கட்டடத்தின் நீளம் 130 மீட்டர். அந்தக் காலத்துப் பேராலயங்கள் நூறு, இருநூறு வருஷம் இழுத்தடித்தவை. அதனால்தான் மற்ற இடங்களில் ஒரு மூலை ஒரு பாணியிலும் இன்னொரு மூலை வேறு பாணியிலும் இருக்கும். ஷார்த்ரில் உள்ளே நின்றால் எல்லாம் ஒரே மனத்திலிருந்து வந்தது போலத் தெரியும். வெளியே மட்டும் ஒரு வேடிக்கை: இரண்டு கோபுரமும் ஜோடி சேரவில்லை. தெற்குக் கோபுரம் 12ஆம் நூற்றாண்டு, 105 மீட்டர், ஒரு அலங்காரமும் இல்லாமல் நெட்டுக்குத்தாக நிற்கும். வடக்குக் கோபுரத்தின் மரக்கூம்பு 1506இல் இடி விழுந்து எரிந்துபோனது. பிறகு ழான் த போஸ் என்ற கைவினைஞர் கல்லிலேயே பின்னல் வேலை மாதிரி 113 மீட்டருக்குக் கட்டினார். எனக்குத் தெற்குக் கோபுரம்தான் பிடிக்கும். என் மனைவி வடக்குக் கட்சி. இந்த வழக்கு தீர்ந்தபாடில்லை.

உள்ளே நுழையும் முன் மேற்கு வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். ராஜவாசல் என்று பெயர், 1145ஐ ஒட்டித் தொடங்கிய வேலை. நம் தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் காலத்துச் சிற்பிகள் உளியோடு உட்கார்ந்திருந்ததும் அந்தக் காலம்தான். இரு பக்கமும் தூண்களோடு தூணாக நீண்டு ஒடுங்கி நிற்கும் ராஜாக்களும் ராணிகளும் பைபிளின் பழைய ஏற்பாட்டு ஆட்கள். முழங்காலிலிருந்து பாதம் வரை துணிமடிப்பு கோடுகோடாக இறங்கும். உடம்பு மொத்தமும் தூண், முகம் மட்டும் மனிதன். அந்த முகங்களில் ஒரு மெல்லிய சிரிப்பு இருக்கிறது. பைனாகுலரை முதலில் இங்கே எடுங்கள்.

இடப்பக்க வாசலின் மேல் வளைவில் பன்னிரண்டு ராசிகளும், மாதாமாதம் செய்யும் வேலைகளும் செதுக்கியிருக்கிறார்கள். குளிர்கால மாதத்தில் ஒருவன் அடுப்பருகே உட்கார்ந்து குளிர்காய்கிறான். பின்னால் அறுப்பு வருகிறது, திராட்சை வருகிறது. பையனிடம் ராசிகளை எண்ணச் சொல்லுங்கள். பத்துதான் வரும். மீனமும் மிதுனமும் அங்கே இல்லை. இடம் பற்றாமல் வலப்பக்க வாசலில் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறார்கள். கண்டுபிடித்தால் ஐஸ்கிரீம் என்று சொன்னால் அரை மணி நேரம் உங்களுக்கு மிச்சம்.

அதே வலப்பக்க வாசலில் ஏழு கலைகள் பெண்ணுருவில் இருக்கின்றன. சங்கீதம் வரிசையாகத் தொங்கும் மணிகளைத் தட்டுகிறாள், கீழே பித்தகோரஸ் மடிமேல் பலகை வைத்துக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். இலக்கணம் கையில் பிரம்போடு இருக்கிறாள், காலடியில் இரண்டு பையன்கள். ஒருவன் ஒழுங்காகப் படிக்கிறான், மற்றவன் அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறான். இலக்கணத்துக்கும் பிரம்புக்கும் உள்ள உறவு தமிழ் வகுப்பில் மட்டும் இருப்பதாக நினைத்திருந்தேன். ஷார்த்ரில் அப்போது பேர்பெற்ற ஒரு பள்ளி இருந்தது. ஐரோப்பாவின் பல இடங்களிலிருந்து படிக்க வந்தார்கள். கோயில் வாசலில் அரிஸ்டாட்டிலுக்கும் பித்தகோரஸுக்கும் இடம் கிடைத்தது அதனால்தான்.

தெற்குப் பக்கமாகத் திரும்பினால் பழைய கோபுரத்தின் சுவரோரம் சூரியக் கடிகாரத்தை ஏந்தி நிற்கும் ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர், தெரியும். அங்கே இப்போது இருப்பது நகல். கொஞ்சம் தள்ளி, நரம்பு வாத்தியம் வாசிக்கும் ஒரு கழுதை, காலப்போக்கில் தேய்ந்துபோய் நிற்கிறது. யாழும் கழுதையும் பற்றி லத்தீனில் ஒரு பழைய சொலவடை உண்டு. நம் ஊர்க் கழுதைக்கும் கற்பூரத்துக்கும் உள்ள அதே விவகாரம்.

இனி உள்ளே. நுழைந்ததும் நடக்காதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து பத்து நிமிடம் சும்மா இருங்கள். பிறகு திரும்பி, நீங்கள் வந்த மேற்கு வாசலுக்கு மேலே பாருங்கள். அங்கே உயரமான மூன்று சன்னல்கள் 1194 தீக்கு முன்னாலேயே, ஏறத்தாழ 1150இல் செய்தவை, தீக்குத் தப்பியவை. வலது கைப்பக்கம் இருப்பது இயேசுவின் வம்சவிருட்சம்: தூங்கும் ஈசாயின் (தாவீது ராஜாவின் தகப்பன்) உடலிலிருந்து ஒரு மரம் எழுந்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரு ராஜா அமர்ந்து, உச்சியில் கிறிஸ்து. அதன் பின்னணி நீலம்தான் 'ஷார்த்ர் நீலம்' என்று பேர்பெற்றது. கோபால்ட் சேர்த்து உருக்கிய கண்ணாடி அது. நீலம் என்று சொன்னாலும் நம் மயில்கழுத்துப் பச்சைநீலமோ இங்க் நீலமோ இல்லை; மழைக்கு முந்தின வானத்துக்குப் பின்னால் யாரோ விளக்கு வைத்த மாதிரி இருக்கும். இந்த மூன்றுக்கும் மாலை வெயில்தான் வேளை. நாலு மணிக்கு மேல் திரும்பவும் வந்து இதே நாற்காலியில் உட்காருங்கள்.

எந்தச் சன்னலை எப்போது பார்ப்பது என்பதை முடிவு செய்வது சூரியன். காலையில் கிழக்குக் கோடியில் பலிபீடத்துக்குப் பின்புறம், நடுப்பகலில் தெற்கு, மாலையில் மேற்கு. வடக்குப் பக்கத்துக்கு நேர்வெயில் கிடையாது, அங்கே நாள் முழுக்க ஒரே நிதானமான ஒளி. மேகமூட்டம் என்றால் வருத்தப்படாதீர்கள். கொளுத்தும் வெயிலில் கண்ணைக் கூசும். மேகத்தில் நிறங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

மொத்தம் நூற்றெழுபதுக்கு மேற்பட்ட சன்னல்கள். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் ஒன்றும் பார்த்ததாகாது. ஒன்றை மட்டும் முழுக்கப் படியுங்கள். நான் சொல்வது, இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையைக் காட்டும் சன்னல். மேற்கு வாசலிலிருந்து உள்ளே வந்து, வலப்பக்கத் தாழ்வாரத்தில் எண்ணினால் மூன்றாவது. கையெட்டாத உயரம்தான், ஆனால் கண்ணுக்கு எட்டும். நாம் புத்தகம் படிப்பது போல மேலிருந்து தொடங்கினால் குழம்பிவிடுவீர்கள். இது கீழேயிருந்து மேலே போகும்.

அடியில் செருப்புத் தைப்பவர்கள் வேலை செய்கிறார்கள். அதற்கு மேல் கதை தொடங்குகிறது. ஒருவன் ஜெருசலேமின் கோட்டை வாசலை விட்டுப் புறப்படுகிறான். மரத்துக்குப் பின்னால் திருடர்கள் காத்திருக்கிறார்கள். அடித்து உரித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். மதகுருவும் கோயில் ஊழியனான லேவியனும் பார்த்தும் பாராததுபோல் கடந்துபோகிறார்கள். சமாரியன் வந்து காயத்துக்குக் கட்டுப் போட்டுச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான். கதை அங்கே முடிய வேண்டும், ஆனால் சன்னல் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது. மேலே பார்த்தால் திடீரென்று கடவுள் ஆதாமைப் படைத்துக்கொண்டிருக்கிறார். ஏவாள், பாம்பு, பழம், தோட்டத்திலிருந்து விரட்டல், ஆதாம் மண் கொத்துவது, காயீன் தம்பியைக் கொல்வது என்று போகிறது. இரண்டு கதைக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கால வியாக்கியானப்படி அடிபட்டுக் கிடந்த வழிப்போக்கன்தான் ஆதாம். ஜெருசலேம் என்பது ஏதேன் தோட்டம். தூக்கி எடுத்த சமாரியன், உச்சியில் அமர்ந்திருக்கும் கிறிஸ்து. எழுத்து வாசனை இல்லாத ஒரு விவசாயிக்குச் சொன்ன கதை என்பார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. யாராவது பக்கத்தில் நின்று சொல்லாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. கதாகாலட்சேபத்துக்குப் பின்னால் தொங்கவிட்ட திரை என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

பைனாகுலரில் முகங்களைப் பாருங்கள். நிறம் என்பது கண்ணாடி உருகும்போதே அதற்குள் சேர்ந்தது. கண், மூக்கு, துணிமடிப்பு மட்டும் கறுப்பு மையில் எழுதிச் சூளையில் சுட்டது. துண்டுகளை ஈயப்பட்டையால் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஈயக்கோடுகளே படத்தின் கோடுகளாகவும் ஆகிவிடுகின்றன.

செருப்புத் தைப்பவர்களைச் சொன்னேன் அல்லவா, அவர்கள் மட்டும் இல்லை. ரொட்டி சுடுபவர், இறைச்சி வெட்டுபவர், கம்பளித்தோல் வியாபாரி, நாணயம் மாற்றுபவர், சக்கரம் செய்யும் தச்சர் என்று ஊரின் தொழில்கள் அத்தனையும் சன்னல்களின் அடிப்பகுதியில் இருக்கின்றன. நம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவது போல என்று கைடுகள் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதில் தகராறு உண்டு. அந்த மக்கள் மனமுவந்து கொடுத்தார்களா, அல்லது கோயில் நிர்வாகம் அவர்களைக் கறந்துவிட்டு அழகாகப் படம் போட்டதா என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். 1210இல் ஊர் மக்கள் கோயில் நிர்வாகத்துக்கு எதிராகக் கலகம் செய்து குருமார்களின் தலைவர் வீட்டைத் தாக்கினார்கள் என்பதும் வரலாறு. அந்த ரொட்டிக்காரர்களின் முகத்தை இதையும் நினைத்துக்கொண்டு பாருங்கள்.

பக்கவாட்டில் நீளும் தெற்குக் குறுக்குக்கூடத்தைத் தாண்டியதும் முதலில் வருவது 'அழகிய கண்ணாடி மாதா'. மடியில் குழந்தையோடு மாதா அமர்ந்திருக்கும் நடுப்பகுதி 1180 வாக்கில் செய்தது, தீக்குத் தப்பியது. சுற்றி நிற்கும் சம்மனசுகள் 13ஆம் நூற்றாண்டில் சேர்த்தவர்கள். மாதாவின் ஆடை வெளிர்நீலம், பின்னணி சிவப்பு. அம்மாவுக்கு இங்கே ஒரு நாற்காலி பார்த்துக்கொடுங்கள். வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர் என்றால் அவரை அங்கிருந்து எழுப்புவதுதான் சிரமமாக இருக்கும்.

தெற்கு ரோஜா சன்னலுக்குக் கீழே ஒரு விசித்திரம். நான்கு பெரிய ஆட்களின் தோள்மேல் நான்கு சின்ன ஆட்கள், திருவிழாவில் அப்பா தோளில் பிள்ளை உட்காருவது போல உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே இருப்பவர்கள் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள், மேலே இருப்பவர்கள் நற்செய்தி எழுதிய நால்வர். நாம் பூதங்களின் தோளில் அமர்ந்த குள்ளர்கள், அதனால்தான் அவர்களைவிடத் தூரம் பார்க்கிறோம் என்று ஷார்த்ர் பள்ளியின் ஆசிரியர் பெர்னார்ட் சொன்னதாக 1159இல் ஒருவர் எழுதிவைத்தார். எழுதியவர் சாலிஸ்பரி ஜான். பின்னாளில் அவரே இந்த ஊரின் ஆயராக (பிஷப்பாக) வந்தார். அந்த வாக்கியம்தான் இந்தப் படமானது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் ஊரும் ஒன்று, உருவகமும் ஒன்று.

எதிரே வடக்கு ரோஜாவில் பிரான்ஸின் லில்லிப் பூவும் ஸ்பெயினின் காஸ்தீல் நாட்டுக் கோட்டைச் சின்னமும் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். காஸ்தீலிலிருந்து மருமகளாக வந்து பிரான்ஸை ஆண்ட ராணி பிளான்ஷ், ஒன்பதாம் லூயியின் தாய். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே சன்னலில். அந்த லூயியின் காலத்தில்தான், 1260இல், ஆலயம் முறைப்படி அர்ச்சிக்கப்பட்டது.

இவ்வளவு கண்ணாடி எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். தற்செயலும் உண்டு, உழைப்பும் உண்டு. 1836இல் கூரையின் மரக்காடு முழுக்க எரிந்தது; கல்வளைவு தாங்கிக்கொண்டது. இப்போது மேலே இருப்பது இரும்புச் சட்டமும் செம்புத் தகடும். இரண்டு உலகப் போரிலும் சன்னல்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கி ஊரைவிட்டே அப்புறப்படுத்தினார்கள். 1944 ஆகஸ்ட் 16 அன்று, கோபுரத்தில் ஜெர்மானியர் ஒளிந்திருந்து வேவு பார்க்கிறார்கள் என்று அமெரிக்கப் பீரங்கிகள் ஆலயத்தைக் குறிவைத்தன. வெல்போர்ன் கிரிஃபித் என்ற அமெரிக்கக் கர்னல், நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கோபுரம் ஏறினார். ஒருவரும் இல்லை. சுட வேண்டாம் என்று தகவல் போனது. அன்றைக்கே பக்கத்து லேவ் கிராமத்தில் நடந்த சண்டையில் அவர் இறந்தார்.

வெள்ளிக்கிழமை என்று சொன்னேனே, அதற்குக் காரணம் தரையில் இருக்கிறது. கூடத்தின் நடுவில், கிட்டத்தட்ட 13 மீட்டர் விட்டத்தில், கல்லில் பதித்த ஒரு வட்டச் சுழல்வழி. மற்ற நாட்களில் அதன்மேல் நாற்காலிகளைப் பரப்பிவிடுவார்கள். விவரம் தெரியாதவர்கள் அதன் மேலேயே உட்கார்ந்து அதைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கி அக்டோபர் கடைசி வரை வெள்ளிக்கிழமைகளில் நாற்காலிகளை ஒதுக்கி நடக்க விடுவது வழக்கம். கிளம்பும் முன் பேராலயத்தின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். தர்மபுரிப் பக்கம் கல் அடுக்கிய ஏழு சுற்றுக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இங்கே பதினொரு சுற்று. வழி தவறவே முடியாது, ஒரே பாதை, முட்டுச்சந்து கிடையாது. ஆனால் மையத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது வெளிவட்டத்துக்குத் தள்ளிவிடும். மொத்தம் 260 மீட்டர் சொச்சம். மையத்தில் குனிந்து பார்த்தால் ஆணி அடித்த தடங்கள் தெரியும். அங்கே ஓர் உலோகத் தகடு இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் உருக்குவதற்காகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பையன் ஓடுவான். மற்றவர்கள் தியானமாக நடப்பார்கள். காதில் சொல்லிவையுங்கள்.

உள்ளே போனதும் சுவர்கள் பளிச்சென்று வெண்ணெய் நிறத்தில் இருப்பதைப் பார்த்து, இது என்ன புதுசாக வெள்ளை அடித்தது போல என்று தோன்றலாம். 2009இல் தொடங்கிய துப்புரவு வேலை அது. பல நூற்றாண்டு மெழுகுவர்த்திப் புகையை எடுத்தபோது அடியில் 13ஆம் நூற்றாண்டுப் பூச்சே கிடைத்தது, அதைத்தான் மீட்டிருக்கிறோம் என்கிறார்கள் செய்தவர்கள். இருட்டில்தான் கண்ணாடி ஜொலிக்கும், நீங்கள் இருட்டைக் கொன்றுவிட்டீர்கள் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். தூண் மாதா என்ற சிலை விஷயத்தில் சண்டை இன்னும் பலம். புகையேறிக் கறுத்து, கறுப்பு மாதா என்றே தலைமுறைகள் கும்பிட்ட முகம் இப்போது வெளிறிய நிறத்தில் இருக்கிறது. எனக்குச் சுவர் விஷயத்தில் புகார் இல்லை. சிலை விஷயத்தில் உண்டு. கும்பிட்டவர்கள் கண்ணில் இருந்த முகத்தையும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

கட்டுப்பாடு பற்றி. யார் வேண்டுமானாலும் போகலாம், நுழைவுக்குக் கட்டணம் இல்லை. கோபுரம் ஏறவும் நிலவறை பார்க்கவும்தான் டிக்கெட். செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும், பெண்கள் தலையை மூட வேண்டியதில்லை. வாசலோரம் கல்தொட்டியில் இருப்பது தீர்த்தம். பையன் கை கழுவிவிடப் போகிறான், ஜாக்கிரதை. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். பூசை நடக்கும்போது சுற்றித் திரியக் கூடாது. பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள், எல்லோரும் எழுந்து நிற்கும்போது நீங்களும் நின்றால் போதும். நற்கருணை அப்பம் கொடுக்கும்போது மட்டும் வரிசையில் போகாதீர்கள். அது பிரசாதம் மாதிரி எல்லோருக்கும் கொடுப்பது இல்லை, கத்தோலிக்கருக்கு மட்டும். மெழுகுவர்த்தி ஏற்ற மதம் தடையில்லை. உண்டியலில் காசு போட்டுவிட்டு ஏற்றலாம். ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள்.

அம்மாவுக்குக் கோபுரம் வேண்டவே வேண்டாம், குறுகலான சுழல்படி. நீங்களும் பையனும் ஏறுங்கள், அவர் கண்ணாடி மாதா முன்னால் இருக்கட்டும். செப்டம்பரிலும் உள்ளே குளிரும், சால்வை அவசியம். கழிவறையை ரயில் நிலையத்திலோ ஓட்டலிலோ முடித்துக்கொண்டு வருவது நல்லது.

பயணம் எளிது. பாரிஸ் மோம்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. சாப்பாட்டுக்கு ஒரு யோசனை: முந்தின நாள் மாலையே லாச்சப்பல் போய்விடுங்கள். கார் து நோர் நிலையத்துக்குப் பின்புறம், ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. மறுநாளுக்கு ரோல்ஸும் வடையும் கட்டிக்கொண்டு, காலையில் கார் து நோரிலிருந்தே நாலாம் நம்பர் மெட்ரோ பிடித்தால் மாறாமல் மோம்பர்னாஸ். பேராலயத்துக்குள் சாப்பிடக் கூடாது; பின்புறம் ஆயர் மாளிகையை ஒட்டித் தோட்டம் இருக்கிறது, அங்கிருந்து கீழே பழைய ஊரும் அதன் ஆறும் தெரியும்.

ரயிலில் கடைசிப் பதினைந்து நிமிடம் தூங்க வேண்டாம். போஸ் சமவெளி, கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல், செப்டம்பரில் அறுத்துவிட்டிருப்பார்கள். ஊர் தெரிவதற்கு முன்னால் அந்த ஜோடி சேராத இரண்டு கோபுரமும் மட்டும் தரையிலிருந்து முளைத்தது போலத் தெரியும். எந்தப் பக்கச் சன்னல் என்று கேட்காதீர்கள், தண்டவாளம் வளைந்து வளைந்து போகும், நான் ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இருட்டியதும் ஆலயத்தின் முகப்பில் வண்ண ஒளியைப் பாய்ச்சிக் காட்சி காட்டுவார்கள். ராஜவாசல் சிற்பங்களுக்கு அன்று பூசியிருந்த நிறங்களை அது கொஞ்சம் ஊகிக்க வைக்கும். அதற்கு நின்றால் திரும்பும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கியதுமே பலகையில் பார்த்து போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.